அவசரம் அறியாத கள்ளிகள்

2020 பிப்ரவரியில் இத்தாலியின் கிழக்குக் கடற்கரை ஊரான செனிகல்லியாவில் ஒரு வீட்டைக் காவல்துறையினர் சோதனையிட்டார்கள். உள்ளே ஆயிரத்துக்கும் மேற்பட்ட கள்ளிச்செடிகள் இருந்தன. பெரும்பாலானவை சிலி நாட்டின் அட்டகாமா பாலைவனத்திலிருந்து வேரோடு பிடுங்கிவரப்பட்ட கோப்பியாப்போவா, எரியோசைஸ் பேரினங்களைச் சேர்ந்தவை. கள்ளச்சந்தையில் அவற்றின் மதிப்பு பத்து லட்சம் டாலருக்கு மேல் என்று கணக்கிட்டார்கள். சில செடிகளுக்கு நூறு வயது தாண்டியிருந்தது. மறு ஆண்டு அவற்றில் 844 செடிகள் விமானமேறி சிலிக்குத் திரும்பின.

விதை போட்டால் முளைக்கிற செடியை எதற்காகக் கண்டம் விட்டுக் கண்டம் கடத்த வேண்டும்? காரணம் காலம். ஒரு கோப்பியாப்போவா பந்தளவுக்குத் திரள்வதற்கே அட்டகாமாவில் பல பத்தாண்டுகள் பிடிக்கும். விதைத்துக் காத்திருக்கப் பொறுமை இல்லாதவர், பாலைவனம் காத்திருந்து வளர்த்த செடியைப் பணம் கொடுத்து வாங்குகிறார். வளர்ச்சி மெதுவாக இருப்பதால் விலை ஏறுகிறது. விலை ஏறுவதால் திருட்டு நடக்கிறது. இந்தக் கண்ணியை அறுக்கும் வழி, வளர்ப்பவர் கையில்தான் இருக்கிறது. அதற்கு முதலில் இந்தச் செடிகள் ஏன் இப்படி நிதானமாக வளர்கின்றன என்று தெரிந்துகொள்ள வேண்டும்.

எது கேக்டஸ்?

நம் ஊர் வேலியோரத்துச் சதுரக்கள்ளியும் திருகுகள்ளியும் கேக்டஸ் குடும்பத்தவை அல்ல. ஒடித்தால் பால் வடியும் இவை ஆமணக்கின் உறவுக்காரர்கள். கேக்டஸ் குடும்பத்தில் ஏறக்குறைய 1,500 இனங்கள் உண்டு. ஒன்றைத் தவிர அனைத்துக்கும் பூர்வீகம் அமெரிக்கக் கண்டங்கள் மட்டுமே. அந்த ஒன்று, மரக்கிளைகளில் தொற்றி வளரும் ரிப்சாலிஸ் பேக்கிஃபெரா. அது ஆப்பிரிக்காவிலும் மடகாஸ்கரிலும் இலங்கையிலும்கூட இயற்கையாக வளர்கிறது. நம் கரிசல் காட்டில் மண்டிக்கிடக்கும் சப்பாத்திக்கள்ளி உண்மையான கேக்டஸ்தான். ஆனால் அது ஐரோப்பியர் கொண்டுவந்து விட்டது.

கேக்டஸை அடையாளம் காண ஓர் உறுதியான குறி இருக்கிறது. முட்கள் தண்டிலிருந்து நேரடியாகக் கிளம்பாமல், பஞ்சு வைத்தது போன்ற ஒரு சிறு மெத்தையிலிருந்து கிளம்பும். இதை ஏரியோல் என்கிறார்கள். உண்மையில் இது வளராமல் குறுகிப்போன ஒரு கிளை. முள், பூ, பக்கக்கன்று எல்லாம் இங்கிருந்துதான் வரும். செடியைப் பெருக்குவது பற்றிப் பேசும்போது இந்த ஏரியோல் மறுபடி தேவைப்படும்.

இரவில் திறக்கும் துளைகள்

சாதாரணச் செடிகள் பகலில் இலைத்துளைகளைத் திறந்து கரியமில வாயுவை உள்ளே இழுக்கின்றன. துளை திறந்தால் வாயு உள்ளே வரும், நீர் ஆவியாக வெளியே போகும். பாலைவனத்து வெயிலில் இது கட்டுப்படியாகாது. அதனால் கேக்டஸ் பகலில் துளைகளை மூடிவைத்து, இரவின் குளிர்ச்சியில் திறக்கிறது. உள்ளே வந்த வாயுவை மாலிக் அமிலமாக மாற்றி உயிரணுக்களுக்குள் சேமிக்கிறது. விடிந்ததும் துளைகளை அடைத்துவிட்டு, அந்த அமிலத்தை உடைத்து, சூரிய ஒளியில் சர்க்கரை தயாரிக்கிறது. இதற்கு கேம் ஒளிச்சேர்க்கை என்று பெயர்.

இந்த அமிலத்தை நாக்கால் கண்டறிந்தவர்களில் ஒருவர் நம் பக்கத்தில் வாழ்ந்தவர். தரங்கம்பாடிக்கு மதப்பணிக்காக வந்து, பின்னர் சென்னை மாகாணத்தில் கிழக்கிந்தியக் கம்பெனியின் தாவரவியலாளராகப் பணியாற்றிய பெஞ்சமின் ஹெய்ன். ரணகள்ளி இலை காலையில் புளிக்கிறது, நண்பகலில் சுவையற்றுப் போகிறது, மாலையில் இலேசாகக் கசக்கிறது என்று அவர் எழுதிய கடிதம் 1815-இல் லண்டன் லின்னேயன் சங்கத்தின் இதழில் அச்சானது. ரணகள்ளி கேக்டஸ் அல்ல. ஆனாலும் இரண்டிலும் நடப்பது ஒரே வேதியியல்.

இந்தச் சிக்கனத்தின் அளவு வியப்பானது. ஒரு கிராம் கரியமில வாயுவைப் பிடிக்க நெல் போன்ற செடிகள் 400 முதல் 500 கிராம் வரை நீரை இழக்கின்றன. கேம் செடிகளுக்கு 50 முதல் 100 கிராம் போதும். ஆனால் சிக்கனத்துக்கு விலை உண்டு. ஓர் இரவில் சேமிக்க முடிகிற அமிலத்தின் அளவுதான் மறுநாள் உணவுத் தயாரிப்பின் உச்சவரம்பு. இதோடு, இலைகளே இல்லாத உருண்டையான உடலில் வெயில் படும் பரப்பும் குறைவு. நீரைப் பிடித்துவைக்கச் சிறந்த வடிவம், வேகமாக உண்டு வளர மோசமான வடிவம்.

நிதானத்தின் உச்சம்

மெக்சிகோவின் வடகிழக்கிலும் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்திலும் வளரும் அரியோகார்ப்பஸ் என்ற பேரினத்தை அங்கே உயிருள்ள கல் என்பார்கள். முதிர்ந்த செடியில் முட்கள் பெயரளவுக்குக்கூட இருக்காது. சாம்பல் நிற முக்கோணக் குமிழ்கள் தரையோடு தரையாகச் சரளைக்கற்களுக்கிடையே பதிந்திருக்கும். பூக்கும் நாள்களைத் தவிர மற்ற நாள்களில் பக்கத்தில் நின்றாலும் கண்ணுக்குத் தட்டுப்படாது. முள்ளுக்குப் பதிலாகக் கசப்பான ஆல்கலாய்டுகள் அதைக் காக்கின்றன. உடலின் பெரும்பகுதி மண்ணுக்குள் தடித்த ஆணிவேராக இருக்கிறது.

அந்த வேர் வறட்சியில் சுருங்கி, செடியைக் கீழே இழுத்துக்கொள்ளும். அரியோகார்ப்பஸ் ஃபிசுராட்டஸ் என்ற இனத்தை வைத்து நடந்த ஓர் ஆய்வு 2010-இல் அமெரிக்கத் தாவரவியல் இதழில் வெளியானது. மண்ணுக்குள் இழுக்கப்பட்ட செடிகள், அதிலும் கற்கள் நிறைந்த மண்ணில் பதிந்தவை, கொல்லும் வெப்பத்திலிருந்து தப்பின. வெறும் மணலில் பதிந்தவை தப்பவில்லை. செடியைச் சுற்றிக் கற்களை அடுக்கும் பழக்கம் அழகுக்காக மட்டும் வந்ததில்லை என்று இதிலிருந்து தெரிகிறது.

அரியோகார்ப்பஸையும் விஞ்சும் நிதானம் ஆஸ்டெக்கியத்துக்கு உண்டு. மெக்சிகோவின் நுவோ லியோன் மாநிலத்தில் ஏறக்குறையச் செங்குத்தான பாறைச் சரிவுகளில் ஒட்டிக்கொண்டிருக்கும் ஆஸ்டெக்கியம் ரிட்டெரி 1928-இல் அறிவியலுக்கு அறிமுகமானது. முழுதாக வளர்ந்த தலை ஐந்து சென்டிமீட்டரைத் தாண்டுவது அரிது. விதையிலிருந்து வந்த நாற்று இரண்டு ஆண்டுக்குப் பிறகும் சில மில்லிமீட்டரில்தான் நிற்கும். அர்ஜென்டினாவிலும் பொலிவியாவிலும் பாறை இடுக்குகளில் வாழும் பிளாஸ்ஃபெல்டியா உலகின் மிகச் சிறிய கேக்டஸ். அதன் தலை ஒரு சென்டிமீட்டரைச் சற்றுத் தாண்டும், அவ்வளவே.

பெரிய இனங்களும் தொடக்கத்தில் இப்படித்தான். அரிசோனாவின் சவாரோ பன்னிரண்டு மீட்டர் உயரம்கூட வளரும். ஆனால் முதல் எட்டு ஆண்டுகளில் அது எட்டுவது மூன்று, நான்கு சென்டிமீட்டர்தான். முதல் பூவுக்கு முப்பத்தைந்து ஆண்டுகள் ஆகலாம்.

விதையிலிருந்து

கேக்டஸைப் பெருக்க மூன்று வழிகள் உண்டு: விதை, ஒட்டு, பக்கக்கன்று. மூன்றில் மரபுப் பன்மையைக் காப்பது விதை மட்டுமே.

முதல் சிக்கல் விதை கிடைப்பதிலேயே தொடங்குகிறது. அரியோகார்ப்பஸ், அஸ்ட்ரோஃபைட்டம் போன்றவை தம் மகரந்தத்தைத் தாமே ஏற்பதில்லை. மரபில் வேறுபட்ட இரண்டு செடிகள் ஒரே நேரத்தில் பூக்க வேண்டும். மென்மையான தூரிகையால் ஒன்றின் மகரந்தத்தை எடுத்து மற்றதன் சூல்முடியில் தடவ வேண்டும். அரியோகார்ப்பஸின் காய், தலையின் நடுவே உள்ள கம்பளிப் பஞ்சுக்குள் மறைந்து மாதக்கணக்கில் இருக்கும். தேடி எடுப்பதே ஒரு வேலை.

விதைப்பதற்குச் சத்துக் குறைந்த, நீர் தேங்காத கலவை வேண்டும். அதைக் கொதிநீர் ஊற்றியோ ஆவியில் வேகவைத்தோ கிருமி நீக்க வேண்டும். விதைகளை மேலே தூவினால் போதும், மண் போட்டு மூடக் கூடாது. பெரும்பாலான கேக்டஸ் விதைகள் முளைக்க ஒளி தேவை. தொட்டியை அப்படியே ஒரு பிளாஸ்டிக் பைக்குள் வைத்துக் கட்டிவிட்டு, நேர்வெயில் படாத வெளிச்சத்தில் வைக்க வேண்டும். 25 முதல் 30 டிகிரி செல்சியஸ் வெப்பம் போதும். அஸ்ட்ரோஃபைட்டம் புதிய விதையாக இருந்தால் இரண்டு மூன்று நாளில் முளைத்துவிடும். மற்றவை ஓரிரு வாரம் எடுக்கும்.

பாலைவனச் செடிக்கு ஈரமான பையா என்று கேட்கத் தோன்றும். காட்டில் கேக்டஸ் நாற்றுகள் திறந்த வெளியில் பிழைப்பது அபூர்வம். புதர்களின் அடியிலும் பாறை நிழலிலும் விழுந்த விதைகள்தான் பெரும்பாலும் பிழைக்கின்றன. நீரைச் சேமிக்க உடலே இல்லாத வயதில் நிழலும் ஈரமும் வேண்டும். அந்தப் புதர் செய்யும் வேலையைத்தான் பை செய்கிறது. சில மாதங்கள் கழித்துப் பையைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்து, வெளிக்காற்றுக்குப் பழக்க வேண்டும்.

இந்தக் காலத்தில் மூன்று எதிரிகள் காத்திருக்கிறார்கள்: நாற்றழுகல் நோய், ஈர மண்ணில் முட்டையிடும் சிற்றீக்களின் புழு, பாசி. ஆஸ்டெக்கியம் நாற்றுகளை அழிப்பது பெரும்பாலும் பாசிதான். நாற்று ஒரு மில்லிமீட்டர் வளர்வதற்குள் பாசி அதைப் போர்த்தி மூடிவிடும். கிருமி நீக்குவதில் காட்டும் கவனம்தான் இங்கே வெற்றி தோல்வியைத் தீர்மானிக்கிறது.

ஒட்டு: காலத்தைச் சுருக்கும் வித்தை

வேகமாக வளரும் ஒரு கேக்டஸின் வேரை, மெதுவாக வளரும் கேக்டஸின் தலைக்குக் கடன் கொடுப்பதே கேக்டஸ் ஒட்டு. மாங்கன்றில் நாம் அறிந்த அதே தத்துவம்தான். கேக்டஸ் தண்டைக் குறுக்கே வெட்டினால் நடுவில் ஒரு வளையம் தெரியும். நீரையும் உணவையும் கடத்தும் குழாய்கள் அதில்தான் இருக்கின்றன. வேர்க்குச்சியின் வளையமும் மேலே வைக்கும் தலையின் வளையமும் ஓரிடத்திலாவது தொட்டுக்கொள்ள வேண்டும். இரண்டும் ஒரே அளவில் இல்லாவிட்டால், மையத்தோடு மையம் வைக்காமல் சற்றே விலக்கி வைத்தால் வளையங்கள் ஒன்றையொன்று வெட்டும்.

சிறு நாற்றுகளுக்கு உலகெங்கும் விரும்பப்படும் வேர்க்குச்சி பெரெஸ்கியாப்சிஸ். இது கேக்டஸ் குடும்பத்தில் இன்னும் இலைகளை வைத்திருக்கும் செடி. சுத்தமான பிளேடால் இதன் நுனியை வெட்ட வேண்டும். சில வாரமே ஆன நாற்றையும் குறுக்கே வெட்டி, வெட்டுப்பரப்பு காய்வதற்குள் இதன் மேல் வைக்க வேண்டும். இடையில் காற்றுக்குமிழ் சிக்கக் கூடாது. அவ்வளவு சிறிய நாற்றுக்கு ரப்பர் பேண்டு தேவையில்லை, செடியின் சாறே பிடித்துக்கொள்ளும். ஈரக்காற்று உள்ள மூடிய பெட்டியில் ஒரு வாரம், பத்து நாள் வைத்தால் இணைந்துவிடும். பெரிய தலைகளுக்கு டிராகன் பழச் செடியின் முப்பட்டைத் தண்டு நன்றாகப் பொருந்தும். குளிருக்கு அஞ்சும் அந்தத் தண்டுக்குத் தமிழ்நாட்டுச் சமவெளி மிகவும் உகந்தது.

பலன் பெரிது. சொந்த வேரில் வளரும் அரியோகார்ப்பஸ் முதல் பூ காட்டப் பொதுவாக எட்டுப் பத்து ஆண்டுகளாவது ஆகும். ஒட்டில் இரண்டு மூன்று ஆண்டுகளிலேயே பூத்துவிடலாம். சீக்கிரம் பூத்தால் சீக்கிரம் விதை.

ஓர் அறிவியல் செய்தியும் இதில் இருக்கிறது. தலை அதே தலை, இரவில் துளை திறக்கும் முறையும் அதே முறை. வேர் மட்டும் மாறியதும் வளர்ச்சி பல மடங்காகிறது என்றால், நிதானத்தில் ஒரு பங்குக்குக் காரணம் நீரையும் தாதுக்களையும் அளந்து அனுப்பும் வேர்தான். முழுவதையும் மாற்ற முடியாது என்பதையும் ஒட்டே காட்டுகிறது. ஒட்டுக் கட்டிய ஆஸ்டெக்கியம் விரைவாக வளரும், ஆனால் ஒருநாளும் சப்பாத்திக்கள்ளி வேகத்தை எட்டாது.

குறையும் உண்டு. ஒட்டில் வளர்ந்த தலை ஊதிப்போகும். தரையோடு தட்டையாக இருக்க வேண்டிய அரியோகார்ப்பஸ் பந்தாக உயரும். பெரெஸ்கியாப்சிஸ் சில ஆண்டுகளில் தளர்ந்துவிடும். அதனால் தேர்ந்த வளர்ப்பாளர்கள் ஓரளவு பருத்த தலையை வெட்டி எடுத்து, காயம் ஆறவிட்டு, சொந்தமாக வேர்விடச் செய்கிறார்கள். பிறகு நல்ல வெயிலும் குறைந்த நீரும் கொடுத்தால் இயல்பான உருவம் மெல்லத் திரும்பும்.

ஒட்டு இல்லாவிட்டால் உலகில் இருக்கவே முடியாத செடிகளும் உண்டு. நம் நர்சரிகளில் பச்சைத் தண்டின் மேல் சிவப்புப் பந்தாக விற்கும் மூன் கேக்டஸ் அப்படிப்பட்டது. பச்சையம் இல்லாத பிறழ்வு நாற்று விதையின் சேமிப்பு தீர்ந்ததும் இறந்துவிடும். 1941-இல் ஜப்பானில் வட்டனாபே என்ற வளர்ப்பாளர் அத்தகைய சிவப்பு நாற்றுகளைப் பச்சைத் தண்டில் ஒட்டவைத்துப் பிழைக்க வைத்தார். அதன் சந்ததிதான் இன்று உலகெங்கும் விற்கப்படுகிறது. சிவப்புக்குக் காரணம் பீட்ரூட்டுக்கும் நிறம் தரும் பீட்டாலைன் வகை நிறமி.

ஏரியோலில் உறங்கும் கன்றுகள்

பல அரிய இனங்கள் ஒற்றைத் தலையாகவே நின்று, பக்கக்கன்று விடாமல் காலம் கழிக்கும். நுனி மொட்டு அனுப்பும் ஹார்மோன், ஏரியோல்களில் உள்ள மொட்டுகளை உறங்கவைப்பதே காரணம். நுனியை வெட்டிவிட்டால் அந்தத் தடை நீங்கி, ஏரியோல்கள் கன்று விடத் தொடங்கும். வெட்டிய நுனியை ஒட்டுக் கட்டலாம், அடிப்பகுதி கன்று தரும்.

திசு வளர்ப்பிலும் இதே உண்மைதான் பயன்படுகிறது. ஏரியோல் உள்ள சிறு துண்டைக் கண்ணாடிக் குடுவையில் சைட்டோகைனின் ஹார்மோனோடு வளர்த்தால் பல தளிர்கள் கிளம்பும். ஆனால் குடுவைக்குள் வளர்ந்தவை நீர்கோத்துக் கண்ணாடிபோல் ஆகிவிடுவதுண்டு. வெளியே கொண்டுவந்து பிழைக்க வைப்பது சிரமம். தவிர, தம் மகரந்தத்தை ஏற்காத இனங்களில் ஒரே தாயின் நகல்கள் எத்தனை இருந்தாலும் அவற்றைத் தமக்குள் சேர்த்து விதை எடுக்க முடியாது. அழிவைத் தடுக்க நினைப்பவருக்கு விதையை விட்டால் வேறு வழியில்லை.

நம் மொட்டை மாடியில்

அரியோகார்ப்பஸின் தாயகமான சிவாவா பாலைவனத்தின் பெரும்பகுதியில் ஆண்டு மழை 200 முதல் 400 மில்லிமீட்டர். சென்னையில் சுமார் 1,400. மழையின் அளவோடு அதன் பருவமும் சிக்கல். அரியோகார்ப்பஸ் பூக்கும் அக்டோபர், நவம்பரில்தான் இங்கே வடகிழக்குப் பருவமழை கொட்டுகிறது. மழை மறைப்பு இல்லாமல் இந்தச் செடிகளை இங்கே வளர்க்க முடியாது. ஒளி புகும் பாலிகார்பனேட் தகடோ தடித்த பாலித்தீன் விரிப்போ மேலே வேண்டும். பக்கங்கள் காற்றோட்டத்துக்குத் திறந்திருக்க வேண்டும்.

இரண்டாவது சிக்கல் இரவு. இரவு வெப்பம் கூடினால் இலைத்துளைகள் முழுதாகத் திறப்பதில்லை. ஏப்ரல், மே மாதங்களில் சமவெளியில் பல கேக்டஸ்கள் வளர்ச்சியை நிறுத்திக்கொள்கின்றன. வெயில் அதிகம் என்று நினைத்து அப்போது அதிகமாக நீர் ஊற்றுவதுதான் பல செடிகளின் சாவுக்குக் காரணம். வளராத செடி நீரை உறிஞ்சாது, வெதுவெதுப்பான ஈரத்தில் வேர் அழுகும்.

மண்கலவையில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் கல்துகளாக இருப்பது நல்லது. பியூமிஸ், பெர்லைட், சலித்த செங்கல் சல்லி, கரடான ஆற்றுமணல் எது கிடைத்தாலும் சரி. பொடியாகச் சலித்த மணல் ஆகாது, அது காற்றை அடைத்துவிடும். மீதிப் பங்குக்கு நன்கு மட்கிய உரம். ஆணிவேர் உள்ள இனங்களுக்கு ஆழமான தொட்டி வேண்டும். மண் முழுதாகக் காய்ந்த பிறகே அடுத்த நீர். மாற்றிநடும்போது வேரில் வெள்ளைப் பஞ்சுபோல் ஏதேனும் தெரிந்தால் அது வேர் மாவுப்பூச்சி. வேரைக் கழுவி, மருந்திட்டு, ஒரு வாரம் உலரவிட்டு நட வேண்டும்.

வளர்த்தால் காடு பிழைக்குமா?

1,478 கேக்டஸ் இனங்களை ஆராய்ந்து 2015-இல் வெளியான உலகளாவிய மதிப்பீட்டின்படி, அவற்றில் 31 விழுக்காடு அழிவின் அச்சுறுத்தலில் உள்ளன. அழியும் அபாயத்தில் உள்ள உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்த 1975-இல் நடைமுறைக்கு வந்த சைட்டீஸ் உடன்படிக்கை ஏறக்குறைய முழுக் குடும்பத்தையும் கண்காணிப்பில் வைத்திருக்கிறது. அரியோகார்ப்பஸ் பேரினம் முழுவதும், ஆஸ்டெக்கியம் ரிட்டெரி, அஸ்ட்ரோஃபைட்டம் ஆஸ்டீரியாஸ் போன்றவை மிகக் கடுமையான முதல் பட்டியலில் உள்ளன. செயற்கையாக வளர்க்கப்பட்ட செடிகளுக்குச் சற்றுத் தளர்வு உண்டு, ஆனால் எல்லை தாண்ட ஆவணம் கட்டாயம். இந்தியாவிலும் 2022-இல் திருத்தப்பட்ட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் சைட்டீஸ் இனங்களுக்கெனத் தனி அட்டவணை சேர்த்திருக்கிறது.

வளர்ப்பு மட்டுமே போதுமென்று சொல்லிவிட முடியாது. எந்த நர்சரியிலும் கிடைக்கும் மஞ்சள் முள் உருண்டையான கோல்டன் பேரல், மெக்சிகோவில் அழியும் நிலையில் உள்ள செடி. 1990-களில் சிமாப்பான் அணை அதன் வாழிடத்தில் ஒரு பகுதியை மூழ்கடித்தது. தோட்டத்தில் லட்சக்கணக்கில் இருப்பது அணையைத் தடுக்காது. ஆனால் கோல்டன் பேரலைக் காட்டிலிருந்து பிடுங்கி விற்று இன்று யாரும் பெரிய லாபம் பார்க்க முடியாது. விதையிலிருந்து வந்தது அவ்வளவு மலிவு.

இன்னொரு சான்று அஸ்ட்ரோஃபைட்டம் கபுட்-மெதுசே. மெக்சிகோவின் நுவோ லியோனில் 2001-இல்தான் கண்டுபிடிக்கப்பட்டது. காட்டில் மிகச் சிறிய பரப்பில் மட்டுமே வாழும் இது, ஒட்டின் உதவியால் வேகமாகப் பூத்து, விதை தந்து, சில ஆண்டுகளிலேயே உலக வளர்ப்பாளர்களின் கைக்கு வந்துவிட்டது. காலத்தைச் சுருக்கியதால் விலை இறங்கியது.

அரிய கேக்டஸ் ஒன்று உங்களுக்கு விற்பனைக்கு வந்தால் செடியை உற்றுப் பாருங்கள். அடிப்பகுதி மரப்பட்டைபோல் கரடுதட்டி, தோலில் பழைய தழும்புகள் இருந்து, ஆணிவேர் வெட்டுப்பட்டுத் தொட்டியில்லாமல் வந்தால் அது காட்டுச் செடியாக இருக்க வாய்ப்பு அதிகம். நர்சரியில் பிறந்த செடி சீரான உருவமும் தழும்பற்ற தோலும் கொண்டிருக்கும். எங்கே, எந்த விதையிலிருந்து வளர்ந்தது என்று விற்பவரிடம் கேளுங்கள். பதில் சொல்ல முடியாதவரிடம் வாங்காதீர்கள். வளர்ந்த செடிகளைப் பார்க்க ஆசையிருந்தால் ஹரியானாவின் பஞ்ச்குலாவில் 1987-இல் அமைக்கப்பட்ட தேசியக் கேக்டஸ் பூங்காவுக்குப் போகலாம். வளர்க்க ஆசையிருந்தால், நம்பகமான வளர்ப்பாளரிடம் பத்து விதை வாங்கி விதையுங்கள். உங்கள் செடி முதல் முறை பூக்கும்போது அடுத்தவரின் செடியோடு மகரந்தம் மாற்றி, கிடைத்த விதையை நாலு பேருக்குக் கொடுங்கள். விதை மலிந்தால் காட்டுச் செடியைத் திருடுவதில் லாபம் இருக்காது.